பழைய பெட்டியில் கன்சோல் சர்வர்: எஸ்.பி. ரோட்டுக்குப் போகும் முன்

உங்கள் கேள்வி இது: பெங்களூரு பெல்லந்தூர் பக்கம் சிறிய அலுவலகம், 9 ஸ்விட்ச், 2 ரவுட்டர், 1 ஃபயர்வால், 4 சர்வர். எல்லாவற்றின் சீரியல் கன்சோலையும் (நெட்வொர்க் இல்லாவிட்டாலும் கேபிள் வழியாகச் சாதனத்துக்குக் கட்டளை கொடுக்கும் போர்ட்) ஓரிடத்துக்கு, அதாவது ஒரு கன்சோல் சர்வருக்கு, கொண்டுவர வேண்டும், புதிய பெட்டி வாங்கப் பட்ஜெட் இல்லை. பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் பழைய சிஸ்கோ 2511 ரவுட்டர், பக்கத்துக் கடையில் பாஸ்வேர்ட் தெரியாத ஒரு சைக்ளேட்ஸ் கன்சோல் சர்வர். இதில் எதை வாங்குவது, இல்லை ராஸ்பெர்ரி பை போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. போன மாதம் ஃபயர்வால் அப்கிரேட் பண்ணிய ராத்திரி அது திரும்ப எழுந்திருக்கவே இல்லை, ஓசூரிலிருந்து மழையில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் உண்மையில் கேட்பது, நெட்வொர்க் முழுக்கச் செத்துக் கிடக்கும்போது நேரில் போகாமல் எப்படி உள்ளே நுழைவது என்பதுதான். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். எந்தப் பெட்டி என்பது அதற்குள் அடங்கிவிடும்.

நான் 17 வருடமாக இதே ஊரில் டேட்டா சென்டர் வேலையில் இருக்கிறேன். முதல் மூன்று வருடம் கேபிள் இழுத்ததும் ரேக் அடுக்கியதும்தான். கன்சோல் சர்வரைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லாத ஒன்று உண்டு. பெட்டி வேலையில் கால் பங்கு. கேபிளும் அதற்குப் போகும் வழியும் முக்கால் பங்கு. நல்ல பெட்டி வாங்கிவிட்டு, கேபிள் சேராமல் ஆறு மாதம் அட்டைப்பெட்டியிலேயே வைத்திருந்த அலுவலகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் 16 சாதனம் என்ற கணக்கையே கொஞ்சம் குறைக்கலாம். அந்த 4 சர்வர்களும் வழக்கமான ரேக் சர்வர்கள் என்றால் பின்பக்கம் தனியாக ஒரு மேனேஜ்மென்ட் போர்ட் இருக்கும். ஐடிராக், ஐஎல்ஓ என்று கம்பெனிக்கு ஒரு பெயர். ஐபிஎம்ஐ (இந்த மேனேஜ்மென்ட் வேலைக்கான பொது நெறிமுறை) உள்ள சர்வரில் சீரியல் கன்சோலை நெட்வொர்க் வழியாகவே எடுக்கலாம், தனிக் கேபிள் வேண்டாம். அப்படி எடுக்க பயாஸில் கன்சோல் ரீடைரக்‌ஷனை ஆன் செய்து, கிரப்பிலும் (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) கெர்னல் வரியிலும் டிடிஒய்எஸ் (லினக்ஸில் சீரியல் போர்ட்டின் பெயர்) கன்சோலை, வேகத்தோடு, எழுத வேண்டும். எத்தனையாவது டிடிஒய்எஸ் என்பது சர்வருக்குச் சர்வர் மாறும். இரண்டு கன்சோல் எழுதினால் கடைசியாக எழுதியதுதான் முதன்மை. அதை மாற்றி எழுதிவிட்டு, பூட் மெசேஜ் பாதியில் நிற்கிறதே என்று திணறுபவர்கள் அதிகம். ஆக, சீரியல் கேபிள் கட்டாயம் தேவைப்படுவது ஸ்விட்ச், ரவுட்டர், ஃபயர்வால் 12க்குத்தான். 16 போர்ட் பெட்டி ஒன்று வாங்கினால் நான்கு மிச்சம் இருக்கும், அது நல்லதே. பழைய பெட்டியில் ஒன்றிரண்டு போர்ட் செத்திருப்பது சகஜம்.

இனி சிஸ்கோ 2511. இது 1990களின் ரவுட்டர், 16 அசின்க் லைன் உண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சீரியல் கன்சோலை மாட்டலாம். சிசிஎன்ஏ, சிசிஐஇ என்ற சிஸ்கோ தேர்வுகளுக்குப் படித்த ஒரு தலைமுறை முழுக்க வீட்டு லேபில் கன்சோல் சர்வராக வைத்திருந்தது இதைத்தான். வலுவான பெட்டி, இன்றும் ஓடும். ஆனால் வாங்குவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். பின்பக்கம் 16 ஆர்ஜே45 ஓட்டைகள் இருக்காது. 68 பின் உள்ள அகலமான இரண்டு சாக்கெட்தான் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு ஆக்டல் கேபிள் போட வேண்டும், அது எட்டு வாலாகப் பிரியும். அந்தக் கேபிள் இல்லாமல் பெட்டி வெறும் இரும்பு. கடைக்காரர் பெட்டியைக் காட்டுவார், கேபிளைக் காட்டமாட்டார். கேபிளைத் தனியாகத் தேடினால் பெட்டியைவிட அதிக விலை சொல்வார்கள். பேச்சு முடிவதற்குள் இரண்டு ஆக்டல் கேபிளும் மேசைமேல் வந்துவிட வேண்டும். இரண்டாவது, இதன் ஈதர்நெட் ஏயூஐ வகை, 15 பின். அதை இன்றைய ஸ்விட்ச்சில் செருக ஒரு சின்ன டிரான்ஸீவர் வேண்டும். வேகம் 10 மெகாபிட். கன்சோலுக்கு அது தாராளம். 9600 வேகத்தில் ஒரு லைனில் நொடிக்கு 960 எழுத்துதான் ஓடும், 16 லைனும் சேர்ந்தாலும் அந்த ஈதர்நெட்டுக்கு அது ஒன்றுமே இல்லை. மூன்றாவது, இது ஏறக்குறைய 40 வாட் வரை இழுக்கக்கூடியது. அந்த உச்சத்திலேயே ஓடினால் மாதத்துக்கு 29 யூனிட். தாங்கக்கூடியதுதான், ஆனால் யூபிஎஸ்ஸில் எத்தனை நேரம் நிற்கும் என்று பார்க்கும்போது இந்த எண் கடிக்கும்.

2511ல் ரிவர்ஸ் டெல்நெட் என்று ஒரு முறை: நெட்வொர்க்கிலிருந்து ரவுட்டரின் ஒரு போர்ட் எண்ணுக்கு டெல்நெட் (பழைய தொலை இணைப்பு முறை) செய்தால், அதற்குரிய லைனில் மாட்டிய கன்சோலுக்குப் போகலாம். லைன் எண்ணோடு 2000 கூட்டினால் அதுதான் போர்ட்; முதல் லைன் 2001, பதினாறாவது 2016. இதே வேலையை 2600 வரிசை ரவுட்டரில் 16 போர்ட் அசின்க் மாட்யூல் போட்டும் செய்யலாம். அங்கே முதல் ஸ்லாட்டில் எண்ணிக்கை 33லிருந்து தொடங்கும், எனவே 2033. இது தெரியாமல் 2001ஐத் தட்டிக்கொண்டே ஒரு மத்தியானம் முழுக்கப் போனது எனக்கு. லைனில் இன்புட்டுக்கு டெல்நெட்டை அனுமதிக்கும் கட்டளை வேண்டும், அதைவிட முக்கியம் ‘நோ எக்ஸெக்’. இதைப் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நூற்றுக்கு எண்பது பேர் மாட்டுவது இங்கேதான்.

லைனின் ஒரு முனையில் ரவுட்டர், மறுமுனையில் உங்கள் ஸ்விட்ச். ஸ்விட்ச் ஏதோ ஒரு லாக் வரியைத் தன் கன்சோலில் எழுதுகிறது. ரவுட்டர் அதை யாரோ ஒரு ஆள் டெர்மினலில் தட்டுவதாக எடுத்துக்கொண்டு தன் பிராம்ப்ட்டைப் பதிலாக அனுப்புகிறது. அந்த பிராம்ப்ட்டை ஸ்விட்ச் தனக்கு வந்த கட்டளை என்று எடுத்துக்கொண்டு, புரியவில்லை என்று திருப்பி அனுப்புகிறது. அதை ரவுட்டர் மறுபடி கட்டளையாக எடுக்கிறது. இரண்டும் விடிய விடியப் பேசிக்கொண்டே இருக்கும். நீங்கள் வெளியிலிருந்து அந்த லைனுக்குப் போனால் இணைப்பு மறுக்கப்படுகிறது என்று வரும், ஏனென்றால் லைன் ஏற்கெனவே பிஸி. பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். லைனைக் கிளியர் செய்தால் தற்காலிகமாகச் சரியாகும். ‘நோ எக்ஸெக்’ போட்டால் ரவுட்டர் தானாக வாய் திறக்காது, நிரந்தரமாகத் தீரும்.

2511ன் உண்மையான குறை பாதுகாப்பு. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் டெல்நெட் மட்டும் பேசும். பாஸ்வேர்ட் அப்படியே வெளிப்படையாகப் போகும். அதை நேராக அலுவலக நெட்வொர்க்கில் மாட்டுவது தவறு, இன்டர்நெட்டில் திறப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு சிறிய லினக்ஸ் பெட்டியை வைத்து, அதற்குள் எஸ்எஸ்எச்சில் (மறையாக்கம் செய்த தொலை இணைப்பு) நுழைந்து, அங்கிருந்து ஒற்றைக் கேபிளில் 2511க்குப் போக வேண்டும். இப்படி எழுதியதுமே உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்கும்: லினக்ஸ் பெட்டி எப்படியும் வேண்டும் என்றால், 2511 எதற்கு? நியாயமான கேள்வி. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இன்று சொல்வதும் அந்த வழியைத்தான்.

அதாவது ஒரு பழைய தின் கிளையன்ட் (அலுவலகங்களில் வைக்கும் சின்ன, எளிய கணினி) அல்லது சின்ன மினி பிசி, அதில் டெபியன் லினக்ஸ், அதோடு பல போர்ட் உள்ள யூஎஸ்பி சீரியல் பெட்டி. ராஸ்பெர்ரி பையும் ஓடும், நானும் இரண்டு இடத்தில் வைத்திருந்தேன். ஆனால் கன்சோல் லாக் இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்கும். அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில் எஸ்டி கார்டு ஒரு நாள் கைவிடும். இரண்டில் ஒரு பை அப்படித்தான் போனது. தின் கிளையன்ட்டில் சின்ன எஸ்எஸ்டி இருக்கும், ஃபேன் இல்லாத மாடலும் கிடைக்கும், மின்சாரமும் 2511ஐவிடக் குறைவு. கழித்துக்கட்டப்பட்டவை எஸ்.பி. ரோட்டில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. யூஎஸ்பி சீரியலில் மோக்ஸா யூபோர்ட் 1610 வரிசையில் 8, 16 போர்ட் மாடல்கள் உண்டு. டிஜி எட்ஜ்போர்ட் இன்னொன்று. இரண்டுக்கும் லினக்ஸ் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது என்பதால், கம்பெனி டிரைவர் தேடி அலைய வேண்டாம். இவை கிடைக்கவில்லை என்றால் எஃப்டிடிஐயின் 4232 சிப் உள்ள நான்கு போர்ட் கேபிள் மூன்று வாங்கினால் உங்கள் 12ம் முடிந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆர்டுயினோவுக்கென்று விற்கும் மலிவான யூஎஸ்பி சீரியல் பலகைகளை வாங்கிவிடாதீர்கள். அவை டிடிஎல் மட்டத்தில், 3.3 அல்லது 5 வோல்ட்டில் வேலை செய்பவை. உங்கள் ஸ்விட்ச் கன்சோல் ஆர்எஸ்-232. அதில் ஒன்று என்பது மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை, பூஜ்ஜியம் என்பது பிளஸ் 3 முதல் பிளஸ் 15 வரை. நேராகச் சேர்த்தால் சிக்னல் தலைகீழாகி எழுத்து குப்பையாக வரும் என்பதோடு அந்தப் பலகையும் எரியலாம். நடுவில் மேக்ஸ் 3232 போன்ற மாற்றி சிப் இருக்க வேண்டும். கடையில் கேட்கும்போது ‘யூஎஸ்பி சீரியல்’ என்று மட்டும் கேட்காமல் ‘ஆர்எஸ்-232’ என்று சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது வழி, இதற்கென்றே செய்யப்பட்ட பெட்டிகள்: சைக்ளேட்ஸ், அவோசென்ட், லான்ட்ரானிக்ஸ், ஓப்பன்கியர், டிஜி. சைக்ளேட்ஸை 2006ல் அவோசென்ட் வாங்கியது, அதனால் இரண்டு பெயரிலும் ஒரே குடும்பப் பெட்டிகளைப் பார்ப்பீர்கள். இவை ரேக்கில் ஒரு யூனிட் உயரம், பின்னால் வரிசையாக ஆர்ஜே45, உள்ளே பெரும்பாலும் லினக்ஸ். அழகான வேலை. ஒரே சிக்கல், பழைய ஃபர்ம்வேர் பேசும் எஸ்எஸ்எச் இன்றைய எஸ்எஸ்எச்சுக்குப் பிடிக்காது. பழைய டிஃபி-ஹெல்மேன் குரூப் 1, ஆர்எஸ்ஏ ஷா 1 ஆகிய பாதுகாப்பு முறைகளை இன்றைய ஓப்பன்எஸ்எஸ்எச் இயல்பாக மறுத்துவிடும். அந்த ஒரு முகவரிக்கு மட்டும் பழைய முறைகளை அனுமதிக்கும்படி உங்கள் எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் எழுதலாம், வேலை செய்யும். ஆனால் அந்த அனுமதியைக் கொடுத்த பிறகு அந்தப் பெட்டியை டெல்நெட் பெட்டிபோலவே நடத்த வேண்டும்: தனி விலான் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்), முன்னால் ஒரு லினக்ஸ்.

சரி, கேபிள். இதை அவசரமில்லாமல் படியுங்கள். சிஸ்கோ கன்சோலின் ஆர்ஜே45ல் 3 என்பது டிரான்ஸ்மிட், 6 ரிசீவ், 4ம் 5ம் கிரவுண்ட், 1 ஆர்டிஎஸ், 2 டிடிஆர், 7 டிஎஸ்ஆர், 8 சிடிஎஸ் (இந்த நான்கும் ‘தயார்’, ‘அனுப்பலாம்’ என்று சொல்லும் கம்பிகள்). ரோல்ஓவர் கேபிள் என்பது ஒரு முனையின் 1 மறுமுனையின் 8க்கு, 2 என்பது 7க்கு என்று அப்படியே தலைகீழ். 3 போய் 6ல் விழுகிறது, அதனால் ஒருவர் பேசுவது மற்றவர் காதில் கேட்கிறது. 2511ன் ஆக்டல் கேபிள் ஏற்கெனவே உள்ளுக்குள் ரோல் ஆனது. அதன் வாலை நேராக சிஸ்கோ கன்சோலில் செருகலாம், நடுவில் இன்னொரு ரோல்ஓவர் போட்டால் கெட்டுவிடும். சைக்ளேட்ஸ் டிஎஸ் வரிசையில் 3ம் 6ம் 4ம் சிஸ்கோ மாதிரியே, ஆனால் 5ல் சிடிஎஸ், 7ல் டிசிடி, 8ல் டிஎஸ்ஆர். எனவே ரோல்ஓவர் போட்டால் பேசுவதும் கேட்பதும் கிரவுண்டும் சரியாகவே சேரும்; ஆனால் சைக்ளேட்ஸின் சிடிஎஸ் கம்பி போய் சிஸ்கோவின் கிரவுண்டில் விழும். ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோலை (அந்தக் கம்பிகளைப் பார்த்து அனுப்புவதை நிறுத்தும் வசதி) அணைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. அணைக்க மறந்தால் எழுத்து வரும், ஆனால் நீங்கள் தட்டுவது எதுவும் போகாது. லினக்ஸில் மினிகாம் என்ற சீரியல் டெர்மினல் மென்பொருளைத் திறக்கும்போதும் இதே கதை, அதில் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் ஆன் ஆகவே வரும்.

உங்கள் ஃபயர்வால் எந்த கம்பெனி என்று எழுதவில்லை. பின் வரிசை தெரியாத சாதனத்துக்கு நான் செய்வது இது. ஒரு பழைய பேட்ச் கேபிளை வெட்டி, எட்டு கம்பியையும் பிரித்து, ஒரு முனையைச் சாதனத்தின் கன்சோலில் செருகுவேன். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைச் சாதனத்தின் இரும்புச் சட்டத்தில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு கம்பியாகத் தொடுவேன். சும்மா இருக்கும்போது டிரான்ஸ்மிட் கம்பி மைனஸில் நிற்கும், வழக்கமாக மைனஸ் 5க்கும் மைனஸ் 10க்கும் இடையில். பிளஸ்ஸில் நிற்பது ஆர்டிஎஸ் அல்லது டிடிஆர். ரிசீவ் பூஜ்ஜியத்தை ஒட்டிக் கிடக்கும். மைனஸ் காட்டும் கம்பி இரண்டு இருந்தால், சாதனத்தை ரீபூட் செய்து பாருங்கள். பூட் மெசேஜ் ஓடும்போது எதில் எண் தடதடவென்று ஆடுகிறதோ அதுதான் டிரான்ஸ்மிட். ஐந்து நிமிட வேலை. கண்டுபிடித்ததும் கேபிளின் இரு முனையிலும் சாதனத்தின் பெயரையும் வேகத்தையும் எழுதி ஒட்டுங்கள்.

அப்புறம் இணைத்துப் பார்க்கும்போது குப்பை எழுத்து வந்தால் சந்தோஷப்படுங்கள். கம்பி சரி, வேகம்தான் தவறு. 9600, 115200, 38400 என்று மாற்றிப் பாருங்கள், 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப். எதுவுமே வராவிட்டால் கம்பி தவறு. வருகிறது, ஆனால் தட்ட முடியவில்லை என்றால் முதலில் ஃப்ளோ கன்ட்ரோல், பிறகு ரிசீவ் கம்பி. நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், ஒரே ரேக்குக்குள் இருக்கிறீர்கள். ஆர்எஸ்-232க்கு வழக்கமாகச் சொல்லும் 15 மீட்டர் எல்லையே உங்களுக்கு மிக அதிகம்.

எர்த் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறாராகவே சொல்வேன். சீரியல் கேபிளின் கிரவுண்ட் இரண்டு சாதனத்தின் உடலையும் ஒன்றாகக் கட்டுகிறது, நடுவில் எந்தத் தடுப்பும் இல்லை. ஒரு தடவை ஒரு வாடகைக் கட்டடத்தில், சட்டத்தில் கை வைத்தாலே சுரீர் என்றது. பழைய கட்டடம் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். கன்சோல் கேபிளைச் செருகியதும் லேப்டாப்பின் யூஎஸ்பி அடாப்டரும் ஸ்விட்ச்சின் கன்சோல் போர்ட்டும் ஒன்றாகப் போயின. பிறகு அளந்தால் பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 38 வோல்ட். எர்த் கம்பி சுவருக்குள் எங்கேயும் சேரவே இல்லை. அன்றிலிருந்து மல்டிமீட்டர் இல்லாமல் நான் கன்சோல் கேபிளைத் தொடுவதில்லை. இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எல்லாச் சாதனமும் ஒரே எர்த்தில், ஒரே யூபிஎஸ் வரிசையில் இருக்கட்டும்.

லினக்ஸ் பக்கம் இரண்டு தொல்லை முன்கூட்டியே தெரிந்தால் நல்லது. மோடம்மேனேஜர் என்று ஒரு சேவை, புதிதாகச் செருகும் சீரியல் போர்ட்டை மோடம் என்று நினைத்து ஏடி கட்டளைகளை அனுப்பிப் பார்க்கும். உங்கள் ஸ்விட்ச் கன்சோலில் யாரோ ‘ஏடி’ என்று தட்டியிருப்பதுபோல் தெரியும். 4ஜி டாங்கிளுக்கு அது தேவைப்படாவிட்டால் நீக்கிவிடுங்கள். இன்னொன்று பார்வையற்றோருக்கான பிரெயில் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய்; உபுண்டு 22.04ல் சிஎச்340 சிப் அடாப்டரைச் செருகினால் இது அதைப் பிடித்துக்கொண்டு போர்ட்டையே காணாமல் செய்துவிடும். பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். யூஎஸ்பி சீரியல் போர்ட்டுகளுக்கு லினக்ஸ் தரும் டிடிஒய்யூஎஸ்பி 0, 1, 2 என்ற எண்கள் ரீபூட்டுக்கு ரீபூட் இடம் மாறக்கூடியவை. எஃப்டிடிஐ சிப்பில் பொதுவாகத் தனி சீரியல் எண் இருப்பதால் அந்த ஐடியைக் கொண்டு யூடெவ்வில் (லினக்ஸில் சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் பகுதி) நிலையான பெயர் கொடுக்கலாம். சிஎச்340ல் அப்படி எண் இருக்காது. எந்த யூஎஸ்பி ஓட்டையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் பெயர் கொடுக்க வேண்டும், அதனால் பிறகு யாரும் பிடுங்கி மாற்றிச் செருகக் கூடாது. ஃபயர்வால் என்று நினைத்து கோர் ஸ்விட்ச்சில் (எல்லாவற்றையும் இணைக்கும் முக்கிய ஸ்விட்ச்) ரீலோட், அதாவது ரீபூட் கட்டளை, அடித்த ஒருவரை எனக்குத் தெரியும்.

மென்பொருளில் சீரியலை வெறுமனே நெட்வொர்க் போர்ட்டாக மாற்ற செர்2நெட் போதும். ஆனால் நான் கன்சர்வரையே பரிந்துரைப்பேன், காரணம் லாக். நீங்கள் பார்க்காத நேரத்திலும் ஒவ்வொரு கன்சோலிலும் வரும் ஒவ்வொரு எழுத்தையும் நேரத்தோடு கோப்பில் எழுதிவைக்கும். ஒயிட்ஃபீல்டில் ஒரு ரேக்கில் ஒரு ஸ்விட்ச் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை தானாக ரீபூட் ஆகிக்கொண்டிருந்தது. சிஸ்லாக்கில் (சாதனங்கள் நெட்வொர்க் வழியாக அனுப்பும் லாக்) ஒன்றும் இல்லை, ஏனென்றால் நெட்வொர்க் வழியாக அந்தச் செய்தி வெளியே போவதற்குள் ஸ்விட்ச் செத்துவிடுகிறது. மூன்று வாரம் எல்லோரும் மின்சாரத்தைச் சந்தேகித்தோம், யூபிஎஸ்கூட மாற்றினோம். கன்சர்வர் போட்ட ஆறாம் நாள் காலை லாக்கைத் திறந்தால், ரீபூட்டுக்கு முந்தைய வரிகளில் மெமரி ஒதுக்க முடியவில்லை என்று வரிசையாகப் பதினைந்து தடவை எழுதியிருந்தது. ஃபர்ம்வேர் மாற்றியதும் நின்றது. கன்சோல் சர்வரின் மதிப்பில் பாதி இந்தக் கோப்புகளில் இருக்கிறது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

கன்சோல் செஷன் நீங்கள் இணைப்பைத் துண்டித்தாலும் சாதனத்தின் பக்கம் திறந்தே கிடக்கும். லாக்அவுட் செய்யாமல் போனால் அடுத்து வருபவர் நேராக நிர்வாகி பிராம்ப்ட்டில் இறங்குவார். எல்லாச் சாதனத்திலும் கன்சோலுக்கு ஐந்து நிமிட டைம்அவுட் வையுங்கள். பிரேக் சிக்னலையும் (லைனை வழக்கத்தைவிட நீண்ட நேரம் பூஜ்ஜிய நிலையில் பிடித்து, ‘நிறுத்து’ என்று சொல்லும் குறி) நினைவில் வையுங்கள்: பழைய டெர்மினல் சர்வர்கள் சில, ஆஃப் ஆகும்போதோ ஆன் ஆகும்போதோ லைனில் பிரேக் போலத் தெரியும் ஒன்றை அனுப்பிவிடும். சன் ஸ்பார்க் சர்வர்கள் அதைப் பார்த்ததும் ஓடும் வேலையை நிறுத்திவிட்டு ‘ஓகே’ பிராம்ப்ட்டில் நிற்கும், அதனால் பழைய ஆட்கள் இதற்கு அவ்வளவு பயப்படுவார்கள். சிஸ்கோ ரவுட்டர் வழக்கமான 2102 ரிஜிஸ்டரில் (எப்படி பூட் ஆவது என்று சொல்லும் எண்) ஓடும்போது பிரேக்கைக் கண்டுகொள்ளாது, ஆனால் ஆன் ஆன முதல் 60 விநாடியில் கண்டுகொள்ளும். கரண்ட் போய் எல்லாம் ஒன்றாக எழும் நேரத்தில்தான் இது கடிக்கும். கன்சோல் சர்வரை ரவுட்டர்களுக்கு முன்பே எழுந்து நிற்கும்படி தனியாக ஒரு சின்ன யூபிஎஸ்ஸில் வைத்தால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வராது.

அந்தச் சின்ன யூபிஎஸ்தான் உங்கள் மழை ராத்திரிக்கும் பதில். கன்சோல் சர்வருக்கு அலுவலக ஃபயர்வால் வழியாகத்தான் போக முடியும் என்றால், ஃபயர்வால் செத்த அன்று கன்சோல் சர்வரும் செத்ததற்குச் சமம். ஒரு 4ஜி ரவுட்டரோ டாங்கிளோ வைத்து லினக்ஸ் பெட்டியை அதில் மாட்டுங்கள், அதுவும் அதே யூபிஎஸ்ஸில். மொபைல் இணைப்பில் பொதுவாக வெளியிலிருந்து உள்ளே கூப்பிட பொது ஐபிவி4 முகவரி கிடைக்காது. எனவே பெட்டியே வெளியே போய், நீங்கள் வாடகைக்கு வைத்திருக்கும் ஒரு சிறிய கிளவுட் சர்வரோடு வயர்கார்டு டனல் (மறையாக்கம் செய்த விபிஎன் இணைப்பு) போட்டுக் காத்திருக்கட்டும். நீங்கள் ஓசூரில் இருந்து அந்த கிளவுட் சர்வர் வழியாக உள்ளே வரலாம். அந்த மாடியில், ரேக்குக்குப் பின்னால், எந்த சிம்முக்கு சிக்னல் நிற்கும் என்பதை நேரில் போனை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இங்கிருந்து என்னால் சொல்ல முடியாதது அது. எல்லாம் முடிந்ததும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஃபயர்வாலின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தெருவில் இறங்கி நின்று போன் டேட்டாவில் உள்ளே வந்து பாருங்கள்.

இனி கடைக்குப் போவது. பர்ப்பிள் லைனிலிருந்து வந்தால் மெஜஸ்டிக்கில் கிரீன் லைனுக்கு மாறி சிக்பேட்டையில் இறங்கினால் எஸ்.பி. ரோடு நடக்கும் தூரம்தான். லேப்டாப், நம்பகமான ஒரு யூஎஸ்பி ஆர்எஸ்-232 அடாப்டர், ஒரு ரோல்ஓவர் கேபிள், மல்டிமீட்டர், 3ம் 6ம் சேர்த்துக் கட்டிய ஒரு லூப்பேக் ஜாக் இவ்வளவும் பையில் இருக்கட்டும். பல கடைகளில் தமிழிலேயே பேசலாம், ஐந்து நிமிடம் பவர் கொடுத்துப் பார்க்க யாரும் மறுப்பதில்லை. மறுத்தால் அடுத்த கடை. ஆன் செய்ததும் ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள், மூக்கைக் கிட்டே வைத்துப் பாருங்கள். வீங்கிய கெப்பாசிட்டர் உள்ள பவர் சப்ளை மீன் வாடை மாதிரி ஒன்று அடிக்கும். 2511 என்றால் ஒரு லூப்பேக் இன்டர்ஃபேஸில் (ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் கற்பனை போர்ட், பையில் உள்ள ஜாக் வேறு) முகவரி கொடுத்து, அந்த முகவரிக்கே 2001 முதல் 2016 வரை டெல்நெட் செய்து, அந்தந்த வாலில் லூப்பேக் ஜாக்கை மாட்டித் தட்டிப் பாருங்கள். தட்டிய எழுத்து திரும்பி வந்தால் அந்த லைன் உயிரோடு இருக்கிறது. கடையிலேயே பதினாறையும் பார்த்துவிடுங்கள். பழைய பாஸ்வேர்ட் இருந்தால் பயப்பட வேண்டாம்; பூட் ஆகும்போது பிரேக் அனுப்பி, ரிஜிஸ்டரை 2142 ஆக்கினால் பழைய கான்ஃபிகைப் படிக்காமல் எழும். முடிந்ததும் 2102க்குத் திருப்ப மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அடுத்த ரீபூட்டில் நீங்கள் எழுதியதையும் படிக்காது.

பக்கத்துக் கடையின் சைக்ளேட்ஸுக்கும் அதே நம்பிக்கை உண்டு. அதன் சொந்தக் கன்சோல் போர்ட்டில் 9600ல் உட்கார்ந்து, பூட்டை நடுவில் நிறுத்தி, சிங்கிள் யூசர் நிலைக்குப் போய்ப் பாஸ்வேர்ட் மாற்றலாம். ‘சேவ்கான்ஃப்’ கொடுக்காவிட்டால் அடுத்த பூட்டில் பழையது திரும்பிவிடும். உள்ளே முந்தைய சொந்தக்காரரின் முகவரிகள், பயனர் பெயர்கள், சாவிகள் எல்லாம் இருக்கும். படித்துக்கொண்டு உட்காராமல் முதல் வேலையாகத் துடைத்துவிடுங்கள். போர்ட்டுகள் நன்றாக இருந்து, விலை ஒரு நல்ல தின் கிளையன்ட்டுக்கும் யூஎஸ்பி பெட்டிக்கும் சேர்த்து ஆகும் செலவைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தால், இரண்டு கடைப் பெட்டிகளில் நான் சைக்ளேட்ஸையே எடுப்பேன்: ஆக்டல் கேபிள் தேட வேண்டாம், சாதாரண ஆர்ஜே45 கிரிம்பிங் போதும். ஆனால் கடையில் பவர் கொடுத்து, அதன் கன்சோலில் எந்த வேகத்திலும் ஒரு எழுத்துகூட வரவில்லை என்றால், விலையை எவ்வளவு இறக்கினாலும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.